வெளியேறாத ஈரம்: குளிர்காலத்தில் டிரையர் குழாயும் வீட்டுக் காற்றும்

துணி உலர்த்தும் இயந்திரத்திலிருந்து வரும் சூடான ஈரக்காற்றை என்ன செய்வது? கேள்வி சிறியது, ஆனால் வட அமெரிக்கா இதற்கு எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக வெவ்வேறு விடைகளைச் சொல்லி வருகிறது. அந்த இயந்திரமே குளிர்காலத்தின் பிள்ளைதான். வட டகோட்டாவைச் சேர்ந்த ஜே. ராஸ் மூர், உறைபனியில் துணி காயப்போடும் பாட்டிலிருந்து தப்பிக்க ஒரு வழி தேடினார். அவருடைய முயற்சியிலிருந்து உருவான மின் உலர்த்தியை விஸ்கான்சினின் ஹாமில்டன் நிறுவனம் 1938-இல் 'ஜூன் டே' என்ற பெயரில் விற்றது. ஜனவரியிலும் ஒரு ஜூன் மாதத்து வெயிலைத் தருவதாகப் பெயரிலேயே வாக்குறுதி இருந்தது. துணியை விட்டுக் கிளம்பும் நீர் எங்கே போகும் என்பதை அந்தப் பெயர் சொல்லவில்லை.

இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரும்பாலான வீடுகளில் இந்தக் காற்று நான்கு அங்குல விட்டமுள்ள உலோகக் குழாய் வழியாகச் சுவரைத் துளைத்து வெளியே போகிறது. நூலிழைகள் கலந்த பஞ்சுத்தூசி அந்தக் குழாயில் படிந்தால் அதை அகற்ற வேண்டும் என்று எல்லாக் கையேடுகளும் சொல்கின்றன. அகற்றாவிட்டால் தீப்பிடிக்கும் என்பது பரவலாகத் தெரிந்த செய்தி. ஜன்னல்களை அடைத்துக்கொண்டு வாழும் மாதங்களில் வீட்டார் சுவாசிக்கும் காற்றுக்கு என்ன ஆகும் என்பது குறைவாகவே பேசப்படுகிறது. அதற்குச் சொல்லப்பட்டுள்ள விடைகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால் ஒரு முடிவுக்கு வரலாம் என்று தோன்றுகிறது: குழாய்ப் பராமரிப்பை இயந்திரத்தின் வேலையாகக் கருதியதால்தான் விடைகள் பலவும் அரைகுறையாக நிற்கின்றன. அது வீட்டின் காற்றோட்டத்தில் ஒரு பகுதி.

வெப்பத்தை வெளியே கொட்டலாமா?

முதலில் எழுந்த எதிர்ப்பு சிக்கனத்தின் பெயரால் வந்தது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு வட அமெரிக்க வீடுகளில் கதவிடுக்குகள் அடைக்கப்பட்டன, சுவர்களுக்குள் வெப்பக்காப்பு நிரப்பப்பட்டது. பணம் கொடுத்துச் சூடேற்றிய காற்றை டிரையர் வெளியே கொட்டுகிறதே என்ற கேள்வியும் அப்போது கூர்மையானது. குழாயைத் துண்டித்துக் காற்றை வீட்டுக்குள்ளேயே திருப்பிவிடும் சிறு கருவிகள் கடைக்கு வந்தன. பழைய நைலான் காலுறையைக் குழாயின் வாயில் மாட்டி வடிகட்டியாக்கிக்கொண்டவர்களும் உண்டு. வடக்கத்திக் குளிரில் வீட்டுக் காற்று வறண்டு உதடு வெடிக்கிறது, அதற்குள் ஈரத்தையும் சூட்டையும் சேர்த்துவிட்டால் இரட்டை லாபம் என்பது இவர்களின் வாதம்.

இதை மூடத்தனம் என்று ஒதுக்குவது நியாயமாகாது. உறைநிலைக்கு 15 பாகை செல்சியஸ் கீழே இருக்கும் வெளிக்காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஒன்றரை கிராமுக்கும் குறைவான நீராவியே தங்க முடியும். அது உள்ளே வந்து சூடேறும்போது ஈரப்பத விகிதம் பத்து சதவீதத்துக்கும் கீழே விழுந்துவிடும். மிகை வறட்சியும் நல்லதல்ல என்பதற்கு ஆதரவு இருக்கிறது. 1986-இல் ஏருண்டெல், ஸ்டெர்லிங் முதலியோர் வெளியிட்ட ஒரு மதிப்பாய்வு, 40 முதல் 60 சதவீத ஈரப்பதமே உடல்நலத்துக்குப் பொதுவாக உகந்தது என்று வாதிட்டது. எனவே ஈரம் வேண்டும் என்பதில் தவறில்லை. வாதம் தடுமாறுவது அளவிலும் கட்டுப்பாட்டிலும்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்க எரிசக்தித் துறையின் சோதனை முறையில் ஒரு தவணைத் துணி உலரும்போது ஏறத்தாழ இரண்டு லிட்டர் நீர் ஆவியாகிறது. 150 சதுர மீட்டர் பரப்பும் இரண்டரை மீட்டர் உயரமும் கொண்ட வீட்டின் காற்று 375 கன மீட்டர். 21 பாகைச் சூட்டில் அவ்வளவு காற்று முழுதாக நிறைவுற்றாலும் ஏழு கிலோ நீராவியைத்தான் தாங்கும். ஆகவே ஒரே தவணைத் துணியின் ஈரம் முழுவதும் உள்ளே தங்கினால், காற்றுமாற்றத்தையும் சுவரும் மரச்சாமான்களும் உறிஞ்சுவதையும் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், ஈரப்பதம் 30 சதவீதத்திலிருந்து 60-ஐத் தொடும். உண்மையில் அவ்வளவு ஏறாது. ஆனால் ஈரமூட்டும் கருவி தேவையறிந்து நின்றுவிடும், டிரையருக்கு அந்த அறிவு கிடையாது. துணி சேர்ந்த நாளில் அடுத்தடுத்து மூன்று தவணை ஓடும், அடுத்த நான்கு நாள் சும்மா கிடக்கும். எரிவாயு டிரையராக இருந்தால் இந்த யோசனைக்கே இடமில்லை. மணிக்கு 22,000 பிடியு அளவில் எரியும் அடுப்பின் புகை, அதோடு கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் டையாக்சைடும், துணியின் ஈரத்தோடு சேர்ந்துதான் அந்தக் குழாயில் வருகின்றன. அமெரிக்கப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் வீட்டுக் காற்றோட்டத் தரநிலை 62.2, ஈரத்தை உள்ளேயே நீராக்கிப் பிடிக்கும் வகை தவிர மற்ற டிரையர்களின் காற்று வெளியே போயாக வேண்டும் என்று விதிக்கிறது.

தீயணைப்பாளர் எழுதிய விதிகள்

குழாய்ப் பராமரிப்பைப் பொதுமக்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்கள் தீயணைப்புத் துறையினர். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான தரவுகளை வைத்து, ஆண்டுக்குச் சுமார் 2,900 டிரையர் தீவிபத்துகள், 5 உயிரிழப்புகள், 100 காயங்கள், மூன்றரைக் கோடி டாலர் சொத்திழப்பு என்று மதிப்பிட்டது. காரணங்களில் முதலிடம், 34 சதவீதம், சுத்தம் செய்யாமைக்கு. விபத்துகள் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் கூடி ஜனவரியில் உச்சத்தைத் தொட்டன.

பல மாநிலங்கள் பின்பற்றும் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பிலும் இந்தக் கவலையின் தடம் தெரிகிறது. குழாயின் உட்புறம் வழவழப்பான உலோகமாக இருக்க வேண்டும். பொதுவாக நீளம் 35 அடியைத் தாண்டக் கூடாது, ஒவ்வொரு செங்கோண வளைவுக்கும் அதில் ஐந்தடி கழியும். வெளிவாயில் வலை கட்டக் கூடாது, பஞ்சு சிக்கும். காற்று திரும்பாமல் தடுக்கும் மடல் இருக்க வேண்டும். எல்லாம் அறிவார்ந்த விதிகள்தாம். ஆனால் இவை காக்க நினைத்தது மரச்சட்டங்களால் கட்டிய வீட்டை, அதற்குள் இருப்பவரின் நுரையீரல் இந்த விதிகளால் தற்செயலாகப் பயனடைந்தது. இந்தப் பார்வையின் பலவீனமும் இங்கேதான் இருக்கிறது. தீப்பிடிக்கும் அளவுக்கு அடைப்பு வருவதற்கு வெகுமுன்பே காற்று கெடத் தொடங்கலாம். தீ நிகழ்ந்தால் பதிவாகும், ஈரமும் புகையும் சொட்டுச் சொட்டாகக் கசிந்தால் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

அடைத்த குழாய்க்குள் நடப்பது

டிரையரின் விசிறி இயந்திரத்துக்குள் இருக்கிறது. ஆகவே அதற்குப் பின்னுள்ள குழாய் முழுவதும் உள்ளிருந்து வெளியே அழுத்தப்படும் நிலையில் இருக்கும். குழாய் சுத்தமாக இருக்கும்வரை அழுத்தம் சிறிது, இணைப்புகளில் கசிவும் சொற்பம். பஞ்சு படிந்து வழி குறுகும்போது அழுத்தம் ஏறுகிறது. இயந்திரத்தின் முதுகில் மாட்டிய நெளிகுழாயின் பட்டி தளர்ந்திருந்தால் காற்று அங்கேயே வெளியேறிவிடும். வெளிவாயில் காற்று வருகிறதா என்று மட்டும் பார்ப்பவர்க்கு இது தெரியாது, கொஞ்சம் வந்துகொண்டுதான் இருக்கும். மீதி, இயந்திரத்துக்குப் பின்னாலோ கூரைக்கும் மேல்தளத்துக்கும் இடைப்பட்ட வெளியிலோ பரவுகிறது. ஓட்டம் குறைந்ததால் துணி காய நேரமும் கூடுகிறது, கசிவின் நேரமும் அதோடு கூடுகிறது.

குளிர் இதை இரண்டு வழிகளில் மோசமாக்குகிறது. குழாய் சூடேற்றப்படாத கூரைவெளி வழியாகவோ தரைக்கடியிலுள்ள தவழ்வெளி வழியாகவோ போனால், ஈரக்காற்று அதன் சுவரில் பட்டு வியர்க்கும். அந்த நீர் பஞ்சை நனைத்துக் களிபோல ஒட்டவைக்கும், தாழ்வான வளைவுகளில் தேங்கும். கோடையில் உதிர்ந்து பறந்துவிடக்கூடிய தூசி குளிர்காலத்தில் படலமாக இறுகுகிறது. இரண்டாவது சிக்கல் வெளிவாயில் நேர்வது. மடலில் ஈரப் பஞ்சு உறைந்தால் அது பாதி திறந்தபடியோ முழுதும் மூடியபடியோ நிற்கும். திறந்து நின்றால் பனிக்காற்று உள்ளே புகும், மூடி நின்றால் ஈரம் உள்ளே திரும்பும். சுவரடியில் குவியும் பனி வாயை மூடுவதும் உண்டு. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியை மாசசூசெட்ஸ் மாநிலம் கட்டாயமாக்கியதற்குக் காரணம், 2005 ஜனவரியில் வெப்பமூட்டியின் புகைவாயைப் பனி மூடியதால் ஒரு சிறுமி இறந்தது. அது டிரையரின் குழாய் அல்ல. ஆனால் எரிவாயு டிரையரின் வாயும் அதே சுவரில், அதே பனிக்கோட்டின் உயரத்தில்தான் இருக்கிறது.

உள்ளே தங்கிய ஈரம் என்ன செய்யும்? 21 பாகைச் சூடும் 30 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று ஏறத்தாழ 3 பாகை வரை குளிர்ந்த பரப்பில் வியர்க்காது. 50 சதவீதமானால் 10 பாகையிலேயே நீர்கோக்கும். கடுங்குளிரில் ஜன்னல் கண்ணாடியின் விளிம்பும், அலமாரிக்குப் பின்னுள்ள வெளிச்சுவரின் மூலையும் அந்தப் பத்துப் பாகைக்குக் கீழே எளிதில் இறங்கும். பூஞ்சணம் முளைப்பது அங்கேதான். அமெரிக்க மருத்துவக் கழகத்தின் 2004 அறிக்கையும் உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டியும், ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளுக்கும் இருமல், மூச்சிரைப்பு, ஆஸ்துமாத் தீவிரம் ஆகியவற்றுக்கும் தொடர்பு இருப்பதாக ஏற்றுக்கொண்டன. தொடர்பு என்ற சொல்லை இரண்டுமே கவனமாகத்தான் பயன்படுத்தின.

இங்கே ஒரு மறுப்பு எழும், அதற்கு வலுவும் உண்டு. நால்வர் வாழும் வீட்டில் மூச்சு, சமையல், குளியல் என்று நாளொன்றுக்குப் பத்து லிட்டர் அளவுக்கு ஈரம் எப்படியும் சேர்கிறது. அதில் டிரையரின் கசிவு எம்மாத்திரம்? முழுக்க வெளியேறும் குழாயில் அது ஒன்றுமில்லை என்பதே சரி. ஆனால் துணியின் ஈரம் உள்ளே தங்கும் வீடுகளில் அதன் பங்கு சிறிதல்ல. கிளாஸ்கோவின் மெக்கின்டாஷ் கட்டடக்கலைப் பள்ளி ஆய்வாளர்கள், வீட்டுக்குள் துணி காயப்போடும் ஸ்காட்லாந்துக் குடும்பங்களில் காற்றிலுள்ள ஈரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை அந்தத் துணியிலிருந்து வருவதாக 2012-இல் மதிப்பிட்டனர். பெரிதும் கசியும் டிரையர் அந்த வீடுகளின் நிலையை நெருங்குகிறது. மேலும் மூச்சின் ஈரம் நாள் முழுக்கப் பல அறைகளில் பரவுவது, டிரையரின் ஈரமோ ஒரு சிற்றறையில் முக்கால் மணி நேரத்தில் கொட்டுவது. சராசரியை வைத்து அளப்பவர்கள் இந்தக் குவிவைத் தவறவிடுகிறார்கள்.

சுத்தமான குழாயின் சிக்கல்

இதுவரை சொன்னதை வைத்து, குழாயைத் துப்புரவாக வைத்தால் போதும் என்று முடித்துவிடலாம். பெரும்பாலான அறிவுரைகள் அங்கேதான் முடிகின்றன. ஆனால் கனடாவில் 1980-களில் கனடிய அடைமான, வீட்டுவசதிக் கழகம் நடத்திய ஆய்வுகள் வேறொரு திசையைக் காட்டின. வெளியே போகும் காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும். இறுக்கமாகக் கட்டிய வீட்டில் அது எளிதாக வராதபோது உள்ளழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்த வீடு, நீர்சூடேற்றியின் புகைபோக்கி வழியாகவே காற்றை உறிஞ்சிக்கொள்ளும், மேலேற வேண்டிய புகை கீழே வழியும். இயல்பான இழுவிசையில் புகை வெளியேறும் கருவிகள் உள்ள வீட்டில் இந்த அழுத்தக் குறைவு 5 பாஸ்கலைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு கனடிய சோதனை முறைக்குள் வந்தது.

இப்போது எண்களைப் பார்ப்போம். நல்ல நிலையிலுள்ள டிரையர் நிமிடத்துக்கு 150 கன அடி, அதாவது மணிக்கு 255 கன மீட்டர் காற்றைத் தள்ளுவதாக வைத்துக்கொள்ளலாம். முக்கால் மணி நேரத்தில், மேலே சொன்ன 375 கன மீட்டர் வீட்டின் பாதிக் காற்றை அது வெளியேற்றிவிடும். அமெரிக்க விதித்தொகுப்பு குளிர்ப் பகுதிகளில் புதிய வீடுகளுக்கு, 50 பாஸ்கல் அழுத்தத்தில் மணிக்கு மூன்று முறை காற்று மாறும் அளவுக்கு மேல் கசிவு கூடாது என்கிறது. அந்த வரம்பில் நிற்கும் வீட்டில் இந்த ஒரு டிரையர் தனியாகவே உண்டாக்கும் அழுத்தக் குறைவை வழக்கமான கசிவுச் சூத்திரத்தால் மதிப்பிட்டால் ஏறத்தாழ 5 பாஸ்கல் வருகிறது. பத்து முறை காற்று மாறும் பழைய வீட்டில் அதே டிரையர் ஒரு பாஸ்கலைக்கூட எட்டாது. இது தோராயக் கணக்குதான், சமையலறை விசிறியும் கூட ஓடினால் நிலைமை மாறும். குளிர்காலத்தில் சூடான காற்று மேலே ஏறி மாடிவழி கசிவதால், இரண்டடுக்கு வீட்டின் கீழ்த்தளத்தில் ஏற்கெனவே மூன்று பாஸ்கல் அளவுக்குக் குறைவு இருக்கும். வட அமெரிக்காவில் டிரையரும் நீர்சூடேற்றியும் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது அதே கீழ்த்தளத்தில், பேஸ்மென்டில். ஸ்கார்பரோவிலும் பிராம்ப்டனிலும் பேஸ்மென்டை வாடகைக்கு எடுத்துக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல. மேல்வீட்டாரின் துணி உலரும்போது புகை கீழே திரும்பினால், அந்தக் காற்றை முதலில் சுவாசிப்பவர்கள் அவர்கள்தாம்.

இதிலிருந்து ஒரு விசித்திரமான முடிவு கிடைக்கிறது. குழாயைச் சுத்தம் செய்தால் ஓட்டம் கூடும், ஓட்டம் கூடினால் அழுத்தக் குறைவும் கூடும். அப்படியானால் அடைத்த குழாயே பாதுகாப்பானதா என்று கேட்கலாம். அந்த வாதம் நிற்காது. அடைத்த குழாய் தள்ளும் காற்று குறைவுதான். ஆனால் அதன் ஈரமும், எரிவாயு வகையானால் புகையும், நிச்சயமாக உள்ளே வரும். நீர்சூடேற்றியின் புகை திரும்புவது சில வீடுகளில், சில நேரங்களில் மட்டும் நேரக்கூடிய ஆபத்து. அறைக்காற்றோடு தொடர்பில்லாமல் மூடிய எரிப்பறை கொண்ட புதிய கருவிகள் அதையும் பெரிதும் நீக்கிவிடுகின்றன. ஆகவே சுத்தம் செய்வதை நிறுத்துவதற்கு இது காரணமாகாது. சுத்தம் செய்த பிறகு ஈடு காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டியதற்கு இது காரணம். குழாய் சுத்திகரிப்போர் இதைச் சோதிப்பது வழக்கமில்லை, அவர்களை அழைப்பவர்களும் கேட்பதில்லை. மண்ணிலிருந்து ரேடான் உறிஞ்சப்படும் என்ற அச்சமும் இதே அழுத்தக் குறைவைச் சுட்டி எழுப்பப்படுகிறது. ரேடானின் தீங்கு ஆண்டுக்கணக்கான சராசரி அளவைப் பொறுத்தது என்பதால், வாரத்துக்குச் சில மணி நேரம் ஓடும் டிரையரை அதில் முதன்மைக் குற்றவாளியாக்க முடியாது.

மணமும் நூலிழையும்

அண்மைய வாதங்கள் வேதியியலிலிருந்து வருகின்றன. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆன் ஸ்டைன்மன் குழுவினர் 2011-இல், மணமூட்டிய சலவைப் பொருள்களைப் பயன்படுத்தும்போது டிரையர் குழாயின் வாயில் வெளிவரும் காற்றை அளந்தனர். ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் 25-க்கு மேல் இருந்தன, அவற்றில் அசிட்டால்டிஹைடும் பென்சீனும் அடங்கும். ஆய்வு மிகச் சில வீடுகளில் நடந்தது. அளந்ததும் வெளிவாயில்தான், அறைக்குள் அல்ல. குழாய் கசிந்தால் இவையும் உள்ளே வரும் என்பது நியாயமான ஊகம், அவ்வளவே. மணமூட்டாத சோப்புக்கு மாறினால் இந்தக் கேள்வியே பாதி மறைந்துவிடும் என்பதால், இதில் குழாயின் பங்கு இரண்டாம் இடம்தான்.

நூலிழைகளைப் பற்றிய சான்று சற்றே வலுவானது. 2020-இல் கிர்ஸ்டன் காப், ரேச்சல் மில்லர் இருவரும் இளஞ்சிவப்புப் பாலியெஸ்டர் கம்பளிகளை உலர்த்தி, வெளியே பனியின் மேல் விழுந்த இளஞ்சிவப்பு இழைகளை எண்ணினர். முப்பதடி தூரம் வரை அவை கிடைத்தன. ஹாங்காங் நகரப் பல்கலைக்கழகத்தின் கென்னத் லியுங் குழு, ஒரு வீட்டு டிரையர் ஆண்டுக்கு 9 முதல் 12 கோடி நுண்ணிழைகளைக் காற்றில் விடக்கூடும் என்று 2022-இல் மதிப்பிட்டது. இயந்திரத்தின் வடிகட்டி எல்லாவற்றையும் பிடிப்பதில்லை என்பது இவற்றால் உறுதியாகிறது. குழாய் கசியும் வீட்டில் இதே இழைகள் பனிக்குப் பதிலாக அறையில் விழும். அவற்றைச் சுவாசிப்பதால் எந்த அளவில் தீங்கு வரும் என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

குழாயே வேண்டாம் என்போர்

ஐரோப்பாவில் நிலைபெற்ற விடை வேறு. ஈரத்தை இயந்திரத்துக்குள்ளேயே நீராக்கித் தொட்டியில் பிடிக்கும் டிரையர்கள் அங்கே பரவலானவை. வெப்பப் பம்பு (heat pump) வகை தவிர மற்றவற்றின் விற்பனையை சுவிட்சர்லாந்து 2012 முதல் நிறுத்தியது. சுவரில் துளை இல்லை, மடல் உறைவதில்லை, வீட்டின் சூடான காற்று வெளியேறுவதில்லை. 50 பாஸ்கலில் மணிக்கு 0.6 முறை மட்டுமே காற்று மாறும் பாசிவ் ஹவுஸ் வகை வீடுகளில் வேறு வழியும் இல்லை எனலாம், அங்கே குழாய் டிரையருக்கு வேண்டிய காற்று சுவரிடுக்குகள் வழியாக வந்து சேராது. ஆனால் பராமரிப்பு இதனால் ஒழிந்துவிடவில்லை, இடம் மாறியது. நீராக்கும் சுருளில் பஞ்சு படியும். ஈரத்தின் ஒரு பகுதி அறைக்குள் தப்பும். துணியின் மணப்பொருள்கள் வெளியேறும் வழியில்லாமல் வீட்டுக்குள் தங்கலாம். எரிவாயு டிரையர் வைத்திருக்கும் வீடுகளுக்கு இது புதிய இயந்திரச் செலவும்கூட.

தீராத கணக்குகள்

இந்த விடைகளை எடை போட்டால் உறுதி சமமாக இல்லை. அடைத்த குழாய் ஈரத்தை உள்ளே திருப்பும் என்பதும், எரிவாயு டிரையரில் அது உயிராபத்து என்பதும் இயற்பியலால் நிலைநிற்பவை. ஈரமான வீடு நோயோடு தொடர்புடையது என்பதும் பரவலாக ஏற்கப்பட்டது. இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள கண்ணி மெலிந்தது. ஒரே வீட்டில் குழாயைச் சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும், ஒரு குளிர்காலம் முழுக்க, ஈரத்தையும் வாயுக்களையும் இழைகளையும் அளந்து, குடியிருப்பவர்களின் மூச்சுநலத்தோடு ஒப்பிட்டால்தான் அது இறுகும். ஆண்டுக்கு ஒருமுறை சுத்தம் செய்க என்ற வழக்கமான அறிவுரையும் அப்படி அளந்து எழுதப்பட்டதல்ல. மூன்றடிக் குழாய்க்கும், டொராண்டோ அடுக்குமாடிகளில் கூரைக்குள் இரண்டாவது பஞ்சுப்பெட்டியோடு வளைந்து போகும் முப்பதடிக் குழாய்க்கும் ஒரே இடைவெளி பொருந்தும் என்று நம்புவது கடினம்.

அழுத்தம் பற்றிய கேள்விக்கு விதித்தொகுப்பிலேயே ஒரு முரண் இருக்கிறது. நிமிடத்துக்கு 200 கன அடிக்கு மேல் வெளியேற்றும் நிறுவல்களுக்கு மட்டும் ஈடு காற்று வழி வேண்டும் என்று அமெரிக்க விதி சொல்கிறது. வீட்டு டிரையர்களில் பெரும்பாலானவை அந்தக் கோட்டுக்குக் கீழேயே ஓடுகின்றன. அந்த வரம்பு வீடு எவ்வளவு இறுக்கமானது என்று கேட்பதில்லை. அதே தொகுப்பின் இன்னொரு பகுதி வீடுகளை மேலும் மேலும் இறுக்கச் சொல்கிறது. 150 கன அடி டிரையர் ஒன்று கசியும் வீட்டில் பொருட்டே அல்ல, விதிப்படி இறுக்கிய வீட்டில் கனடிய வரம்பைத் தனியாகவே தொடுகிறது. இரண்டு பகுதிகளையும் சேர்த்து, கசிவளவுக்கு ஏற்ப ஈடு காற்றை நிர்ணயிக்கும் ஒரு விதி எழுதப்பட்டால், குழாய் சுத்தம் செய்ய வருபவர் கையில் தூரிகையோடு ஓர் அழுத்தமானியும் இருப்பது வழக்கமாகலாம்.